குதிகாலில் நில்லுங்கள்

பாவூர்சத்திரம்
12.6.2025

நிர்மலா,

போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறாய். சரி, காகிதத்திலேயே வருகிறேன். துல்கர்னைன் தினமும் காலையில் உங்கள் விடுதிக்குக் காய்கறி கொண்டுவருகிறான் இல்லையா, அவன் டெம்போவில் தக்காளிக் கூடையோடு இந்தக் கடிதமும் வரும். "என்ன அண்ணாச்சி, பொண்டாட்டிக்கு லவ் லெட்டரா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சண்டை என்று தெரிந்தால் மத்தியானத்துக்குள் மார்க்கெட் முழுக்கப் பரவிவிடும்.

நீ குற்றாலத்தில் விளையாட்டு விடுதிப் பிள்ளைகளுக்கு வெயிட் தூக்கப் பழக்கிக்கொடுப்பதை நான் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. போன விதம்தான் பிடிக்கவில்லை. பெட்டியை எடுத்தாய், "சாவி ஆணில தொங்குது" என்றாய், நடந்துவிட்டாய். கல்யாணமாகி இரண்டு வருஷமாகிறது, எனக்குச் சாவி எங்கே தொங்கும் என்று தெரியாதா? வேறு ஏதாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

மிஷின் சட்டை வந்துவிட்டது. அதைச் செய்கிற கோயம்புத்தூர் கம்பெனியில் இருக்கிற அந்தத் தென்காசிப் பையன் அஃப்சல் அவனே கொண்டுவந்து மாட்டிவிட்டான். தோளில் பை மாட்டுகிற மாதிரி இரண்டு வார், இடுப்பில் அகலமாக ஒரு பெல்ட், தொடையில் இரண்டு பட்டி, முதுகோடு ஒட்டி இரண்டு கம்பி, பின்னால் டிபன் டப்பா அளவுக்கு ஒரு மோட்டார். குனிந்து மூட்டையின் காதைப் பிடித்து நிமிர்ந்தால், யாரோ பின்னால் நின்று இடுப்பைப் பிடித்து இழுத்துவிடுகிற மாதிரி இருக்கிறது. பல்லாரி வெங்காய மூட்டை பஞ்சு மூட்டையாகிவிட்டது.

வலி இல்லை, நிர்மலா. ஜனவரியில் லாரிப் பலகையில் சறுக்கி இடுப்பு பிடித்துக்கொண்டதிலிருந்து இன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சாயந்தரம் நிமிர்ந்து நின்று குளித்தேன். நம் சுமைதூக்குகிற செட்டில் என்னைப் பார்த்தாலே சிரித்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது "கடற்கரைய கூப்பிடுலே" என்கிறார்கள். உன் அண்ணன் சுடலைமாடனும்தான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். முன்னே அளவெடுக்க வந்த அன்றைக்கு அஃப்சல் என்னிடம் விவரம் கேட்டபோது என் பக்கத்தில் நின்று ஒரு பார்வை பார்த்தாயே, அது தேவையா?

ஊருக்கு நல்லவனும் உனக்கு மட்டும் ஆகாதவனுமான,
கடற்கரை


குற்றாலம்
15.6.2025

அத்தான்,

போனில் பேசினால் நீங்கள் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். பக்கத்தில் எப்போதும் நாலு பேர் நிற்கிறார்கள், அவர்களுக்காக என்னிடம் ஒரு குரலில் பேசுகிறீர்கள். அதனால்தான் எடுக்கவில்லை. கடிதத்தை மடித்து வைத்தாலும் மிச்சம் இருக்கிறது என்று தெரியும், என்றைக்காவது படித்துத்தான் ஆகவேண்டும்.

அந்தப் பார்வையைப் பற்றிக் கேட்டீர்கள். அஃப்சல் என்ன கேட்டார் என்று நான் ஞாபகப்படுத்துகிறேன். "அண்ணாச்சி, முதுகுல பழைய அடி, டிஸ்க் தொந்தரவு எதுவும் உண்டா? இருந்தா இத மாட்டக் கூடாது" என்றார். நீங்கள் நெஞ்சை நிமிர்த்தி, "நமக்கெல்லாம் அது ஒண்ணும் கெடயாது" என்றீர்கள். பிப்ரவரியில் எடுத்த ஸ்கேன் அப்போது என் கைப்பையில் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்க வேண்டும். செட்டு முழுக்கச் சுற்றி நிற்கிற இடத்தில் புருஷனைப் பொய்யனாக்க எனக்கு வாய் வரவில்லை. பார்க்க மட்டும்தான் முடிந்தது. அதுவும் உங்களுக்குப் பொறுக்கவில்லை.

அந்தச் சட்டை கெட்டது என்று நான் சொல்லவே இல்லை. நல்ல முதுகு கெட்டுப்போகாமல் இருக்கச் செய்தது அது. உங்கள் முதுகு ஏற்கெனவே அடிபட்டது. டிஸ்க் பிதுங்கி நரம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. வலி வந்தால்தான் நீங்கள் நிறுத்துவீர்கள், அந்த வலியை அது வெளியே வரவிடாமல் பிடித்து வைக்கிறது. நான் நாலு மாதமாகப் படிப்படியாக இடுப்பையும் தொடையையும் பலப்படுத்திக்கொண்டு வந்தேன். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் மூட்டையை நீங்களே தூக்கியிருப்பீர்கள்.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். அண்ணன் போனில் சொன்னான். செட்டில் ஒரு லாரிக்கு இரண்டு பேர் கீழே நின்று தூக்கிவிடுவதும் மற்றவர்கள் சுமப்பதும், அடுத்த லாரிக்கு ஆள் மாறிக்கொள்வதும்தானே காலங்காலமாக முறை? இப்போது நீங்கள் மாறுவதே இல்லையாம். முதுகில் கம்பி இருப்பதால் உங்களால் சுமக்க முடியாது, அதனால் எல்லா லாரிக்கும் நீங்களே தூக்கிவிடுகிறீர்களாம். மற்றவன் மாறி மாறி வருகிறான், நீங்கள் மட்டும் காலையிலிருந்து குனிந்து நிமிர்ந்துகொண்டே இருக்கிறீர்கள். அஃப்சல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போடக்கூடாது என்று சொன்னது என் காதில் விழுந்தது. உங்கள் காதில் விழவில்லையா?

அவரைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லுங்கள். பெரிய வேலை இல்லை, ஒரு போன்.

கோபம் கொஞ்சமும் குறையாத,
நிர்மலாதேவி


பாவூர்சத்திரம்
22.6.2025

நிர்மலா,

உன் கடிதத்தை மூன்று நாள் மடியிலேயே வைத்திருந்தேன். டாக்டரம்மா எழுதின மாதிரி இருக்கிறது. பொண்டாட்டி எழுதின மாதிரி ஒரு வரி இருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்த்தேன், "அத்தான்" என்கிற வார்த்தைதான் கிடைத்தது.

முறை மாறாததைப் பற்றி உன் அண்ணன் ஏன் உனக்கு ஒப்பிக்கிறான்? நான் கீழே நின்றால் வேலை சட்டென்று முடிகிறது, எல்லோரும் சீக்கிரம் வீட்டுக்குப் போகிறார்கள். நம் செட்டு முத்துகுமரனுக்குச் சின்ன வயசு, அவனே "அண்ணாச்சி இருந்தா நமக்கு யோகம்லா" என்று மகிழ்ந்து போகிறான். என்னால் பத்துப் பேர் நிம்மதியாக இருந்தால் உனக்கு என்ன கசக்கிறது?

உனக்கு விளங்காத ஒன்று இருக்கிறது, இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். மார்ச் மாதம் நீ என்னை ஜிம்முக்குக் கூட்டிப்போய் முதுகோடு ஒரு கம்பை நிறுத்தி, தலையிலும் இடுப்பிலும் அது ஒட்டிக்கொண்டே இருக்க, குனியச் சொன்னாயே. அந்தக் கண்ணாடிக் கதவு வழியாக உன் அண்ணனும் அவன் கூட்டாளிகளும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறுநாள் மார்க்கெட்டில் என்னைப் பார்த்ததும் ஒருத்தன் துடைப்பத்தை முதுகில் வைத்துக்கொண்டு குனிந்து காட்டினான். "ஏலே, கடற்கரை குனியப் படிக்காம்லே. பொண்டாட்டி நூறு கிலோ தூக்குதா, இவன் கம்பத் தூக்குதான்" என்று உன் அண்ணன் சொன்னான். சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். பதினாறு வயதிலிருந்து மூட்டை தூக்குகிறவன் நான். வெறும் கம்போடு நிற்க வைத்தது நீதான். சட்டையைக் கழற்றினால் மறுபடியும் அந்தத் துடைப்பம்தான்.

சரி, இனி உன்னைச் சிரிக்க வைக்கிறேன். நேற்று ஆலங்குளத்துக்கு ஒரு காரியமாகப் போய்விட்டு பஸ்ஸில் வந்தேன். வீட்டு வாசலுக்கு வந்து செருப்பைக் கழற்றலாம் என்று குனிந்தால், ஒரு காலில்தான் செருப்பு இருக்கிறது. இன்னொன்று எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும் ஒற்றைச் செருப்போடு ராஜா மாதிரி நடந்து வந்திருக்கிறேன். எதிர்வீட்டு இராமலட்சுமி அக்கா, "என்னப்பா, நிர்மலா இல்லைன்னா செருப்புகூட நிக்காதா?" என்றாள். உன்னை நினைத்துக்கொண்டே வந்தேன், அதனால்தான் என்று வைத்துக்கொள்.

ஒற்றைச் செருப்புக்காரன்,
கடற்கரை


குற்றாலம்
23.6.2025

அத்தான்,

துல்கர்னைன் இறக்கி முடிக்கும்வரை வாசலில் நிறுத்தி வைத்து இதை எழுதுகிறேன்.

எந்தக் கால் செருப்பு? இடதா?

செருப்பு கழன்றது தெரியாமல் ஒரு மனுஷன் தார் ரோட்டில் நடக்க முடியாது. கல் குத்தும், வெயில் சுடும். உங்களுக்கு அது தெரியவில்லை என்றால் அந்தப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. நீங்கள் அதை எனக்கு வேடிக்கை என்று எழுதியிருக்கிறீர்கள்.

இன்றைக்கே இதைச் செய்து பாருங்கள். வெறுங்காலோடு நில்லுங்கள். இரண்டு காலிலும் முன்பாதத்தைத் தரையிலிருந்து தூக்கி, குதிகாலில் மட்டும் நின்று நாலு எட்டு நடங்கள். இரண்டு முன்பாதமும் ஒரே மாதிரி மேலே நிற்க வேண்டும். பிறகு உட்கார்ந்து பெருவிரலை மட்டும் உங்களை நோக்கி மடக்குங்கள், யாரையாவது அதைக் கையால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். எளிதாக அமுங்கிவிட்டால் நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தம்.

இன்னொன்று, கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஒன்றுக்குப் போவதில் ஏதாவது மாற்றம் இருக்கிறதா? உட்காருகிற இடம் மரத்த மாதிரி இருக்கிறதா? அப்படி இருந்தால் பதில் எழுதிக்கொண்டு இருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நான் அங்கே வந்து சேர்ந்துகொள்கிறேன்.

சண்டையெல்லாம் பிறகு. நாளைக் காலை டெம்போவில் பதில் வேண்டும்.

நிர்மலா


பாவூர்சத்திரம்
25.6.2025

நிர்மலா,

நேற்றே எழுதியிருப்பேன், லோடு அதிகம்.

இதையெல்லாம் காகிதத்தில் எழுதுவார்களா? துல்கர்னைன் பிரித்துப் படித்தால் நாளைக்கு மார்க்கெட்டில் நான் தலைகாட்ட முடியுமா? ஒன்றுக்கு, ரெண்டுக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் போகிறது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பக்கம் ஒரு குறையும் இல்லை. போதுமா?

குதிகாலில் நின்று பார்த்தேன். நன்றாகவே நின்றேன், சுவரைப் பிடிக்கவே இல்லை. இடது பெருவிரல் கொஞ்சம் சோம்பேறி, அவ்வளவுதான். அது நகம் பெயர்ந்த விரல், முன்னாலேயே அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள். வருகிற ஞாயிற்றுக்கிழமை லோடு குறைவு. கமிஷன் கடைக்காரர்கள் எல்லோரும் வருகிறார்கள், அஃப்சல் கோயம்புத்தூரிலிருந்து தன் ஆட்களைக் கூட்டிவருகிறான். அவர்கள் முன்னால் நான்தான் சட்டையை மாட்டிக்கொண்டு தூக்கிக் காட்ட வேண்டும். எதிர்ப்பக்கம் உன் அண்ணன். பிடித்துப்போனால் இன்னும் நிறைய சட்டை வாங்குவார்களாம், எப்படி மாட்டுவது, எப்படிக் குனிவது என்று மற்றவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கலாம் என்று அஃப்சல் சொன்னான். துடைப்பத்தைக் காட்டினவனுக்கு நான் குனியச் சொல்லிக்கொடுப்பேன். நினைத்துப் பார்.

அது முடியட்டும். திங்கட்கிழமை நீ சொல்கிற டாக்டர் வீட்டு வாசலில் போய் நிற்கிறேன். அதுவரைக்கும் நீ அஃப்சலிடம் வாய் திறக்கக் கூடாது. திறந்தால், நிர்மலா, நான் மறுபடி உன் முகத்தில் விழிக்க மாட்டேன். கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதே, யோசித்துத்தான் எழுதுகிறேன்.

கடற்கரை


குற்றாலம்
26.6.2025

அத்தான்,

"சுவரைப் பிடிக்கவே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் சுவரைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. சுவரைப் பிடித்தவருக்குத்தான் சுவர் ஞாபகம் வரும்.

இந்த விடுதியில் பதினைந்து வயதுப் பிள்ளைகள் வலியை மறைத்துக்கொண்டு போட்டிக்குப் போகப் பார்ப்பார்கள். ஒருத்தி நேற்று மணிக்கட்டு வீக்கத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வந்தாள். "ஏட்டி, துண்ட எடு" என்றேன், அழுதுகொண்டே எடுத்துவிட்டாள். அவளிடம் சொல்ல முடிந்தது. உங்களிடம் முடியவில்லை. உங்களுக்கு வயது முப்பத்தொன்று.

ஞாயிற்றுக்கிழமைக்காக ஒரு காலை வைத்துப் பந்தயம் கட்டுகிறீர்கள். நரம்பு ஓரளவுக்குத்தான் பொறுக்கும், அதற்கப்புறம் டிஸ்கைச் சரிசெய்தாலும் பாதம் தூக்காது. நடக்கும்போது முன்பாதம் தொங்கும். அதோடு, எதிர்ப்பக்கம் நிற்பது என் அண்ணன். மூட்டை பாதியில் இருக்கும்போது உங்கள் கால் மடங்கினால் முழுக்க அவன் மேல்தான் வரும். அதையும் யோசித்துத்தான் எழுதினீர்களா?

முகத்தில் விழிக்க மாட்டேன் என்றீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டு பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். பிள்ளைகள் கதவைத் தட்டும்வரை அழுதேன். அழுது முடித்ததும் யோசித்துப் பார்த்தேன். முகத்தில் விழிக்காவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் எங்கேயாவது ஒழுங்காக நடந்துகொண்டிருந்தால் போதும் என்றுதான் தோன்றியது.

சனிக்கிழமை சாயந்தரத்துக்குள் அஃப்சலிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். யாரும் பக்கத்தில் இல்லாதபோது சொல்லுங்கள், மானம் போகாது. சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே வருவேன். அன்றைக்கு எதிரில் எத்தனை பேர் நின்றாலும் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

எல்லாவற்றுக்கும் துணிந்துவிட்ட,
நிர்மலா


பாவூர்சத்திரம்
30.6.2025

நிர்மலாதேவிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமையே கிடைத்தது. நான் பதில் எழுதவில்லை. சீசன் கூட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்திலிருந்து பஸ் ஏற முடியாது, நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பியிருந்தேன். துல்கர்னைன் டெம்போவில் முன்சீட்டில் உட்கார்ந்து வருவாய் என்று நினைக்கவில்லை. அவனோடும் பேச்சை விட்டுவிட்டேன்.

என்ன செய்தாய் என்று உனக்குத் தெரியுமா? நான் சட்டையை மாட்டிக்கொண்டு மூட்டையின் காதில் கை வைத்தாகிவிட்டது. உன் அண்ணன் அந்தப் பக்கம் குனிந்தாகிவிட்டது. கடைக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அஃப்சலின் ஆள் போனில் படம் பிடிக்கிறான். நீ நேராக வந்து எடைமேடை மேல் ஏறி நின்று, "நிறுத்துங்க. இவருக்கு டிஸ்க் பிதுங்கியிருக்கு, உங்ககிட்ட மறைச்சிட்டாரு. இடது கால் மரத்துப் போச்சு. சட்டையக் கழத்துங்க" என்கிறாய். ஸ்கேனைத் தூக்கிக் காட்டுகிறாய். அந்த நீலக் காகிதத்தை எல்லோரும் என் எலும்பைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்கள். என் எலும்புதான் அது.

அஃப்சல் ஒரு வார்த்தை திட்டவில்லை. கிட்டே வந்து, "அண்ணாச்சி, நிசமா?" என்றான். நான் மூட்டையிலிருந்து கையை எடுத்தேன். அவனே குனிந்து தொடைப் பட்டியை, இடுப்பு பெல்ட்டை, தோள் வாரை ஒவ்வொன்றாகக் கழற்றினான். சின்னப் பிள்ளைக்குச் சட்டை மாற்றுகிற மாதிரிக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஒருத்தனையாவது அடித்திருப்பேன்.

அப்புறம் முத்துகுமரனை நிறுத்தினார்கள். அவனிடமும் அதே கேள்வி. "எனக்கு ஒண்ணும் கெடயாது" என்றான். அவன் தூக்கிக் காட்டினான். கைதட்டினார்கள். நான் தக்காளிக் கூடைகளுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டேன்.

ஒன்றும் ஆகியிருக்காது, நிர்மலா. நாலு மூட்டை தூக்கிக் காட்டுகிற வேலை. அதுவும் முடிந்திருக்கும், திங்கட்கிழமை நானே டாக்டரிடம் போயிருப்பேன். இன்று திங்கட்கிழமை. போகவில்லை. நீ சொன்னதற்காகப் போக மாட்டேன்.

நீ வர வேண்டாம். உன் சாமான் ஏதாவது வேண்டுமென்றால் அண்ணனை அனுப்பு.

கடற்கரை


குற்றாலம்
3.7.2025

அத்தான்,

மன்னிப்புக் கேட்பேன் என்று பார்த்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். ஒன்றும் ஆகியிருக்காது என்கிறீர்கள். இருக்கலாம். ஆகவில்லை என்பதால் நான் சொன்னது தப்பு என்று கடைசிவரை நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கலாம், என்னால் எதையும் நிரூபிக்க முடியாது. அது தெரிந்துதான் வந்தேன்.

அஃப்சல் சட்டையைக் கழற்றியதும் நீங்கள் நடந்துபோனபோது நான் எடைமேடை மேலேயே நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை, அதனால் உங்களுக்குத் தெரியாது. சிமென்ட் தரையில் உங்கள் வலது கால் சத்தமில்லாமல் விழுந்தது. இடது கால் ஒவ்வொரு எட்டுக்கும் 'தப்' என்று விழுந்தது. முன்பாதத்தை மெல்ல இறக்க அந்தக் காலுக்குத் தெம்பு இல்லை. அந்தச் சத்தம் எனக்கு ராத்திரி பகல் எல்லாம் கேட்கிறது.

பயமாக இருக்கிறது, அத்தான். டாக்டரம்மா மாதிரி எழுதுகிறேன் என்றீர்களே, பயந்தால் எனக்கு அப்படித்தான் எழுத வரும். முதல் தடவை உங்களை நான் பார்த்தது நீங்கள் மூட்டையோடு பலகையில் ஏறி வந்தபோதுதான். அந்த நடைக்காகத்தான் அண்ணன் சொன்னதும் கல்யாணத்துக்குச் சரி என்றேன். வெயிட் தூக்குகிறவள் நான், ஒருவன் எப்படிப் பாதம் வைக்கிறான் என்றுதான் முதலில் பார்ப்பேன். இதை உங்களிடம் எப்போதோ சொல்லியிருக்கலாம்.

திங்கட்கிழமை திருநெல்வேலியில் நரம்பு டாக்டரிடம் பெயர் கொடுத்திருக்கிறேன். காலை ஏழு மணிக்குப் பாவூர்சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். நீங்கள் வந்தால் போவோம். என்னோடு பேச வேண்டாம், பக்கத்தில் உட்கார வேண்டாம். வராவிட்டால் நான் மட்டும் போய் ஸ்கேனைக் காட்டிக் கேட்டுவிட்டு வருகிறேன்.

இதற்கு மேல் என்னிடமிருந்து கடிதம் வராது.

நிர்மலா


பாவூர்சத்திரம்
10.7.2025

நிர்மலா,

திங்கட்கிழமை பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் நாம் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. டாக்டர் ஊசியால் பாதத்தில் குத்திக்கொண்டே போனார், நான் கண்ணை மூடிக்கொண்டு "இன்னும் குத்தலையே" என்றேன். கண்ணைத் திறந்தால் உன் கண்ணில் தண்ணீர். அவர் எத்தனையோ தடவை குத்தியாகிவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது. ஆபரேஷன் செய்யலாம், பாதம் பழையபடி தூக்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். நீ தலையை ஆட்டினாய். வீட்டுக்கு வருவாய் என்று நினைத்தேன், தென்காசி பஸ்ஸிலேயே நேராகப் போய்விட்டாய். வர வேண்டாம் என்று எழுதினவன் நான்தானே.

அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன். போகிறேன். இது உனக்குப் பதில் இல்லை, வேறு ஒன்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

நேற்று என் துண்டையும் டிபன் கேரியரையும் எடுக்க மார்க்கெட்டுக்குப் போனேன். சாப்பாட்டு நேரம், லாரி இல்லை. நம் செட்டில் ஒருத்தரையும் காணவில்லை. பல்லாரி அடுக்குக்குப் பின்னால் ஏதோ சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். எல்லோரும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, மூட்டையில் கை படாமல், குதிகாலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்படிச் செய்வதென்று துல்கர்னைன் சொல்லியிருக்கிறான். அவன் உன்னிடம் டெம்போவில் கேட்டுத் தெரிந்துகொண்டானாம். ஒருத்தன் காலை இன்னொருத்தன் பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் அவசரமாகச் செருப்பை மாட்டினார்கள்.

சுடலை மச்சான் மட்டும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் போனபிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டார். "மாப்ள, கொஞ்சம் அழுத்திப் பாரேன்" என்று வலது பெருவிரலை நீட்டினார். என் சுண்டுவிரலால் தொட்டேன், அமுங்கிவிட்டது. "போன வருசத்துல இருந்தே இப்படித்தாம்ல. வயசாகுதுன்னு நெனச்சேன். தங்கச்சிகிட்ட சொல்லிராத, அன்னைக்கு ஜிம்முல வச்சு உன்னையப் பாத்து நான்தான் சிரிச்சேன்" என்றார். அப்புறம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, நீ பார்த்திருக்கிறாயா? சொல்லாதே என்றார், சொல்லிவிட்டேன். அவர் உன் அண்ணன்.

முத்துகுமரனுக்கும் சரியில்லை. நான் எட்டிப் பார்த்தபோது அவன் இடது பாதம் தரையை விட்டு எழும்பவே இல்லை. அவன்தான் இப்போது சட்டையை மாட்டிக்கொண்டு எல்லா லாரிக்கும் தூக்கிவிடுகிறான். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன், நான் அஃப்சலிடம் சொன்ன அதே பதிலை, அதே மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்.

அஃப்சலைப் போனில் கூப்பிட்டேன். பெயர் எதுவும் சொல்லவில்லை. "தம்பி, இனிமே யார்கிட்டயும் கேள்வி கேக்காத. செருப்பக் கழத்தச் சொல்லி, குதிகால்ல நிக்கச் சொல்லு. அப்புறம் மாட்டு" என்றேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அதுவரை சட்டையை யாரும் போட வேண்டாம் என்று கடைக்குச் சொல்லிவிட்டான். ஆனால் அவன் சொன்னால் ஒருத்தனும் நிற்க மாட்டான், நிர்மலா. தனக்கு ஒன்று இருக்கிறது என்று காட்டுவதற்கு அந்தச் செட்டில் எவனும் முதல் ஆளாக வரமாட்டான். நான் வரவில்லையே.

அதனால் நீ ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். அன்றைக்கு ஏறின இடத்திலேயே ஏறி, அன்றைக்குச் சொன்னதையே சத்தமாக இன்னொரு தடவை சொல்ல வேண்டும். சுடலை மச்சான் பெயரைச் சொல்லாதே, அவர் தாங்க மாட்டார். முத்துகுமரன் பெயரும் வேண்டாம், அவனுக்குச் செங்கோட்டையில் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் பெயரைச் சொல். கால் மரத்துப்போனவன், பொய் சொன்னவன் என்று சொல். நான் உன் பக்கத்தில் நின்றுகொள்கிறேன்.

கடற்கரை